மூன்றாம் கொதிப்பு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு ஒரு கார் வந்து சேருவது அப்படியொன்றும் பெரிய சாகசம் இல்லை. இடையில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. டவுன் பஸ்காரன் வழியில் இறங்கி டீ குடித்து, கடைக்காரனிடம் ஊர்வம்பு பேசிவிட்டு வந்தாலும் அரைமணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடுவான். அந்தத் தூரத்தை ரிட்டையர்டு சப்-இன்ஸ்பெக்டர் சங்கையாவின் நீல நிற மாருதி இரண்டு முறை கடக்கப் பார்த்தது. இரண்டு முறையும் பாதி வழியில் கொதித்து, ஆவி விட்டு, வந்த வழியே திரும்பிப் போனது. அதனால் ராஜபாளையத்தில் வீரணன் என்ற ஒருவனுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது.

வீரணன் நூற்பு மில் ஒன்றில் எலக்ட்ரீஷியன். மில்லில் எந்த மோட்டார் நின்றாலும் அது தன்னோடு பேச ஆசைப்பட்டுத்தான் நின்றது என்று நினைக்கிற ஆள். தன்னடக்கம் என்பது அவன் பிறந்த அன்று ஊரில் இல்லாமல் போயிருக்கவேண்டும். ஆனால் வேலை தெரிந்தவன், அதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. அவனுடைய அம்மா பாலம்மாளும் அக்காவும் சித்திரை மாதமே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் சங்கையாவின் மகள் அழகுத்தாயைப் பார்த்துவிட்டு வந்து, பொண்ணு கிளி மாதிரி இருக்கா என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தார்கள்.

வீரணன் அதை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. அழகுத்தாய் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கணக்கு எழுதினாள். தினமும் பஸ்ஸில் வந்து போனாள். அவன் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று தானே பார்த்துவிட்டான். அவளும் பார்த்தாள். இரண்டாவது நாள், "அம்மா பார்த்துட்டுப் போன பொறவு மகன் எதுக்கு தனியா பரிசோதனைக்கு வந்திருக்காக?" என்று நேராகக் கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே வீரணன் விழுந்துவிட்டான். அதன்பிறகு அவனுக்கு உலகத்தில் வேறு பெண் கிடையாது.

அடுத்து முறைப்படி பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளையையும் வீட்டையும் பார்க்கவேண்டும். அங்கேதான் மாருதி குறுக்கே வந்தது. வைகாசியில் ஒரு முறை பட்டுச்சேலையும் பழத்தட்டுமாகக் கிளம்பினார்கள். ரயில்வே கேட்டில் செத்த நேரம் நின்றதுதான் தாமதம், முன்பக்கத்திலிருந்து இட்லிக் கொப்பரை திறந்ததுபோல ஆவி. ஆனியில் மறுபடியும் கிளம்பினார்கள். பஞ்சுப்பொதி லாரி ஒன்று சாலையை அடைத்து நிற்க, பின்னால் நின்ற மாருதி மறுபடியும் கொதித்தது. இரண்டு தடவையும் சங்கையா இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, "திருப்பு" என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்.

இதே வண்டி வாரம் தவறாமல் பிளவக்கல் பக்கம் இருக்கும் அவருடைய தென்னந்தோப்புக்குப் போய் வந்தது. அங்கே கல்லும் குழியும், ஆட்டு மந்தையும் மாட்டு மந்தையும். ஒரு நாளும் கொதித்ததில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பினால் மட்டும் கொதிக்கிறது என்றால் என்ன அர்த்தம்? முப்பது வருஷம் போலீஸில் இருந்த மனுஷன் சும்மா விடுவாரா?

ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அழகுத்தாய் நிலவரம் சொன்னாள். அவள் முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

"வர்ற வெள்ளிக்கிழமை கிளம்புறாக. அப்பா என்ன சொல்றாருன்னா, ஒரு தடவ தப்புப் பண்ணா எச்சரிக்கை, ரெண்டு தடவ பண்ணா கேஸு, மூணு தடவ பண்ணா கேடி லிஸ்ட்டாம். இந்தத் தடவையும் வண்டி கொதிச்சா இந்தச் சம்பந்தம் நமக்கு ஆகாதுன்னு தலையைச் சுத்தி எறிஞ்சுருவாராம். வத்திராயிருப்புல ஒரு வாத்தியார் ஜாதகம் ரெடியா இருக்கு."

"பஸ்ல வரச் சொல்லேன்."

"சொல்லாமலா இருப்பேன்? கார் வச்சிருக்கிறவன் பஸ்ல போயி பொண்ணு குடுத்தான்னு பேரு வாங்கணுமான்னு கேக்காரு. நாளைக்குக் காலைல வண்டிய உங்க ஊரு சுப்புராஜ் பட்டறைக்குக் கொண்டுவாராரு. கடைசியா ஒரு தடவ பாத்துரலாம்னு. உங்களுக்கு மோட்டாரெல்லாம் பேசுமாமில்ல. இதுகூடயும் கொஞ்சம் பேசுங்க."

சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் போனாள். அவள் திரும்பிப் பார்க்காமல் போனது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவன் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, காக்கி உடுப்போடு சுப்புராஜ் பட்டறைக்குப் போனான். சுப்புராஜுக்கு அவன் வந்தது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. அவர் அம்பாசடரும் லாரியும் பார்த்து வளர்ந்த மெக்கானிக். அந்த வண்டிகளில் விசிறி பெல்ட்டில் சுற்றும். இன்ஜின் ஓடினால் ஓடும், நின்றால் நிற்கும். இந்த மாருதியில் விசிறி கரண்டில் ஓடியது. தண்ணீர் சூடானால் தானாகச் சுற்றி, ஆறினால் தானாக நின்றது. தன்னிஷ்டத்துக்கு நடக்கிற எந்தப் பொருளையும் சுப்புராஜ் நம்புவதில்லை.

"ஏமிரா வீரணா, உன் மாமனார் உன்னைப் பார்த்ததில்லையா?" என்று கேட்டார்.

"எங்க பாக்க? ரெண்டு தடவையும்தான் பாதி வழில திரும்பிட்டாரே. போட்டோவைத்தான் பாத்திருக்காரு."

அந்தப் போட்டோவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்டூடியோக்காரர் ஒரு கோட்டை மாட்டிவிட்டு, பவுடரை அள்ளி அப்பி எடுத்த படம். பாலம்மாளே அதைக் கையில் வாங்கியபோது ஒரு நிமிஷம் யோசித்தாள். அதனால் தைரியமாக இருக்கலாம் என்று வீரணன் நினைத்தான். பெண்ணைக் கட்டும் முன்பே மாமனார் வண்டியில் கை வைத்தான் என்ற பேச்சு வேண்டாம், வேலையை முடித்துவிட்டு நழுவிவிடலாம் என்பது அவன் திட்டம்.

ஒன்பது மணி சுமாருக்கு மாருதி வந்தது. கொதிக்காமல், முனகாமல், பதவிசாக வந்து நின்றது. வண்டியிலிருந்து இறங்கிய சங்கையா நல்ல உயரம். நரைத்த மீசை. பட்டறையில் இருந்த எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். அதில் யார்மேல் எப்போது வாரண்டு இருந்தது என்று தேடுவதுபோல இருந்தது.

"பாத்தீரா சுப்புராஜ்? தனியா வந்தேன். இதே ரோடு, இதே கேட்டு. கேட்டும் பூட்டித்தான் கெடந்துச்சு. விசிறி ஜோராச் சுத்துச்சு, சூடு காட்டுற முள்ளு முக்காலைத் தாண்டல."

"இவன் கரண்டு வேலை பாக்கிற பையன். இவன் பாக்கட்டும்" என்று சுப்புராஜ் ஒதுங்கிக்கொண்டார்.

வீரணன் பானட்டைத் தூக்கினான். ஃப்யூஸைக் கழற்றிப் பார்த்தான், நன்றாக இருந்தது. விசிறி மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தான். விர்ரென்று சுற்றியது. அப்படியென்றால் மோட்டார் மேல் குற்றமில்லை. தண்ணீரின் சூட்டைப் பார்த்து விசிறியைப் போட்டுவிடும் ஹீட் சுவிட்ச் ஒன்று உண்டு. அதன் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடு ஒன்று தொட வைத்தான். அப்போதும் சுற்றியது. ஒயர்களை மறுபடி மாட்டி இன்ஜினை ஓட விட்டுக் காத்திருந்தான். முள் மெல்ல மெல்ல ஏறி முக்கால் பங்குக்கு வந்ததும் விசிறி தானாக ஓடி, முள் இறங்கியதும் தானாக நின்றது. பாடப் புத்தகத்தில் போட்டதுபோல எல்லாம் நடந்தது.

மில்லாக இருந்தால் இந்த இடத்தில் வீரணன் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பான். இங்கே அவனுக்கு வியர்த்தது. ஏனென்றால் சங்கையா மீசையைத் தடவிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"ஆக, வண்டி மேல குத்தம் இல்ல. அப்ப குத்தம் யார் மேல? நானும் மனசறிஞ்சு யார் மேலயும் பழி போடுற ஆளு இல்ல. ஆனா அந்த மாப்பிள்ளைப் பய வீட்டுக்குக் கெளம்புனா மட்டும் வண்டிக்குக் காய்ச்சல் வருதுன்னா, அவன் ராசில என்னமோ இருக்கு. ஏன் தம்பி, நான் சொல்றது சரியா தப்பா?"

"எனக்கு ராசியெல்லாம் தெரியாதுங்கய்யா" என்றான் அந்த மாப்பிள்ளைப் பயல்.

வண்டி நன்றாக இருப்பதுதான் இப்போது ஆபத்து. கோளாறு கிடைக்காவிட்டால் தானே கோளாறு என்று தீர்ப்பாகிவிடும். பிறந்ததிலிருந்து ஒரு இயந்திரத்தில் பழுது இருக்கவேண்டும் என்று வீரணன் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. "இன்னும் செத்த நேரம் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு முன்பக்கத்தில் காற்றுக்காக ஓட்டை விட்ட ஜாலியைக் கழற்றி, தரையில் சாக்கை விரித்து, மல்லாந்து படுத்தான்.

விசிறி மோட்டாரிலிருந்து வரும் ஒயரும் வண்டி ஒயரும் சேருகிற இடத்தில் ஒரு கப்ளர் இருந்தது. ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கிற பிளாஸ்டிக் மூட்டு. செருகியது நழுவாமல் இருக்க அதில் ஒரு கொக்கி இருக்கவேண்டும். முன்னால் இந்த வண்டியை வைத்திருந்த யாரோ எப்போதோ அதை ஒடித்திருந்தார்கள். மூட்டு வெறுமனே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றது. மூட்டை ஒட்டிய ஒயரின் மேல் கம்பி அறுத்ததுபோல வட்டமாக ஒரு தடம். அந்தத் தடத்தில், எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு, தட்டையாக, மஞ்சளாக ஏதோ ஒன்று. நகத்தால் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். மிளகாய் விதை.

ரேடியேட்டருக்கு முன்னால் மிளகாய்க்கு என்ன வேலை?

"அய்யா, வண்டி முன்னால எதையாச்சும் கட்டுவீகளா?"

"நல்ல காரியத்துக்குக் கெளம்பும்போது கட்டாம இருப்பனா? நம்ம வீட்டுல நாலு பேரு கார்ல ஏறுனா தெருவே எட்டிப் பாக்குது. எலுமிச்சம்பழம், மொளகா, கரி, படிகாரம். நூல்ல கட்டுனா ஆடும்னு நான் கட்டுக்கம்பில கட்டுவேன். ஜாலிக்குள்ள விட்டு, உள்ள உறுதியா ஒரு பிடிமானம் இருக்கு, அதுல சுத்தி முறுக்கிருவேன். கை விலங்கு மாதிரி நிக்கும்."

"தோப்புக்குப் போகும்போது?"

"தோப்புக்கு எதுக்கு? தேங்காயா கண்ணு வைக்கப் போகுது?"

"வண்டி கொதிச்சதும் அந்தப் பழத்தை என்ன செய்வீக?"

"கண்ணு பட்ட பழத்தை வச்சிருப்பாகளா? ஒடனே நானே அவுத்து, திரும்புற வழில முச்சந்தில வீசிட்டு வந்துருவேன். அதை வேற கை தொடக்கூடாது தம்பி. கட்டுறதும் அவுக்கிறதும் வீட்டு ஆளுதான். வெளியாளு தொட்டா கட்டுனதுக்குப் பலன் இல்ல."

வீரணன் படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டான். எல்லாம் விளங்கிவிட்டது. உறுதியான பிடிமானம் என்று அந்த மனுஷன் நினைத்தது விசிறியின் ஒயரை. கம்பியைச் சுற்றி முறுக்க முறுக்க ஒயர் முன்னால் இழுபட்டு, கொக்கி ஒடிந்த கப்ளர் மயிரிழை விலகியிருக்கிறது. வண்டி ஓடும்வரை காற்று பட்டு இன்ஜின் சமாளித்திருக்கிறது. நின்றதும் விசிறி சுற்றாமல் கொதித்திருக்கிறது. பிறகு அவரே கம்பியை அவிழ்க்க, விறைத்த ஒயர் பழைய இடத்துக்குத் திரும்பி கப்ளர் சேர்ந்துகொள்ள, பட்டறைக்கு வரும்போது வண்டி உத்தமன். குற்றத்துக்கு இருந்த ஒரே தடயத்தை ஒரு போலீஸ்காரரே தன் கையால் அவிழ்த்து முச்சந்தியில் வீசியிருக்கிறார்.

சொல்லவேண்டியதுதான். ஆனால் எப்படிச் சொல்வது? கண்ணேறு கழிய நீங்கள் கட்டிய பழம்தான் உங்கள் மகள் கல்யாணத்துக்குக் கண்ணாக நின்றது என்று பட்டறை நடுவில் வைத்துச் சொன்னால், அந்த மீசை அதைத் தாங்குமா? கோபத்தில் வெள்ளிக்கிழமைப் பயணத்தையே ரத்து செய்துவிட்டால்? சொல்லாமல் தானே இரகசியமாகச் சரி செய்துவிடலாம். ஆனால் பிடிமானம் தேடும் அந்தக் கை வெள்ளிக்கிழமை எந்த ஒயரைப் பிடித்து முறுக்கும் என்று யார் கண்டது? ஜன்னலோரம் திரும்பிப் பார்க்காமல் போன அழகுத்தாயின் முகம் ஞாபகம் வந்தது. தான் வாயைத் திறக்கவேண்டாம், பழமே சொல்லட்டும் என்று முடிவு செய்தான்.

"அய்யா, உங்க டிபார்ட்மெண்டுல சம்பவம் நடந்த மாதிரியே நடிச்சுக் காட்டச் சொல்லுவாகளாமே. அதே மாதிரி, வழக்கமாக் கட்டுறது எப்படியோ அப்படியே ஒரு தடவ கட்டிக் காட்டுங்க."

"இன்னைக்கு எதுக்கு? நல்ல நாளும் இல்ல."

"சும்மா பழம்தானுங்கய்யா. சர்பத்துக்குள்ளது."

எதிர்க் கடையிலிருந்து எலுமிச்சம்பழமும் மிளகாயும் வந்தன. பட்டறை அடுப்பில் கரி இருந்தது. படிகாரம் சலூன்காரர் கொடுத்தார். கழற்றிய ஜாலியை வீரணன் மாட்டி, இன்ஜினை ஓட விட்டுச் சூடேற்றினான். விசிறி சுற்றத் தொடங்கியது. சங்கையா சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்தார். கம்பியை ஜாலிக்குள் விட்டு, விரலால் துழாவி, பிடிமானத்தைக் கண்டுபிடித்து, ஒரு முறுக்கு முறுக்கினார். இரண்டாவது முறுக்கு. மூன்றாவது முறுக்கில் விசிறி நின்றது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவரே குனிந்து கம்பியைத் தளர்த்தினார். விசிறி சுற்றியது. மறுபடி முறுக்கினார். நின்றது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல நாலைந்து முறை அவிழ்த்தும் கட்டியும் பார்த்தார். சாட்சி ஒரு தடவையும் மாற்றிச் சொல்லவில்லை. சுப்புராஜ் சிரிப்பை அடக்கமுடியாமல் பட்டறையில் நின்ற லாரிக்குப் பின்னால் போய்விட்டார்.

சங்கையா பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அந்த உயரம் பாதியாகிவிட்டது.

"பட்டுச்சேலையோட பொம்பளைகள ரோட்டுல நிக்க வச்சேன். முன்னப்பின்ன பாக்காத பயலைக் கேடிங்கிற அளவுக்குப் பேசிட்டேன். எம்பொண்ணு ரெண்டு மாசமா எங்கூட முகங்குடுத்துப் பேசல தம்பி. நான் நல்லதுக்குன்னுதான் கட்டுனேன்."

வீரணன் இதை எதிர்பார்க்கவில்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் மீசை முறுக்கலாம் என்று இருந்தவனுக்கு அந்த ஆளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"பழத்து மேல குத்தம் இல்லீங்கய்யா. கட்டுன எடந்தான் மாறிப் போச்சு."

சங்கையா அவனை ஏறிட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வீரணன் சட்டென்று வேலையில் குனிந்துகொண்டான். புதுக் கப்ளர் மாட்டி, ஒயரை எட்டாத இடத்துக்குத் தள்ளிக் கட்டினான். பிறகு பம்பரில், ஒயருக்கும் ஜாலிக்கும் சம்பந்தமில்லாத இடத்தில், பழம் கட்டுவதற்கென்றே ஒரு இரும்புக் கொக்கி போட்டுக் கொடுத்தான்.

"வேணும்னா இந்தப் பழத்தை நானே அதுல கட்டிக் காட்டட்டா?"

"வெளியாளு தொடக்கூடாதுன்னேன்ல" என்றார் சங்கையா. ஆனால் குரலில் சூடு இல்லை. "உம்ம பேரென்ன தம்பி?"

வாயில் முதலில் வந்தது மில் வாட்ச்மேன் பெயர். "இருளப்பசாமி" என்றான்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் இதைக் கேட்டு அழகுத்தாய் சிரி சிரி என்று சிரித்தாள். பெயர் மாற்றிச் சொன்ன இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்க அப்பா ஒரு தடவ பாத்த மொகத்தை மறக்கமாட்டாரு. வெள்ளிக்கிழமை உங்க வீட்டுல வந்து பாக்கும்போது தெரிஞ்சுபோகுமே. வண்டி கொதிச்சதைக்கூட மன்னிச்சுருவாரு, பொய்ய மன்னிக்கமாட்டாரு. எதுக்குப் பேர மாத்திச் சொன்னீக?"

ஆயிரம் ஒயர் பார்த்த புத்தி பேரென்ன என்ற ஒரு கேள்வியில் ஃப்யூஸ் போயிருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வீரணனுக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நீல மாருதி ரயில்வே கேட்டில் நின்று, சந்தைக்கூட்டத்தில் நின்று, ஒரு சொட்டு ஆவியும் விடாமல் வீரணன் தெருவுக்குள் நுழைந்தது. தெருவே நிம்மதியாக மூச்சு விட்டது, வீரணனைத் தவிர. வேட்டி சட்டையில், திருநீறோடு, மீசையை ஒட்ட வெட்டிக்கொண்டு நின்றான். சங்கையா உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அவனை ஒரு பார்வை பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மில்லுல என்ன வேலை?"

"எலக்ட்ரீஷியனுங்க."

"கார் வேலையும் பாக்கிறது உண்டோ?"

"எப்பவாச்சும்."

"பேரு வீரணன்தான?"

"ஆமாங்க."

"வேற பேரு எதுவும் உண்டா?"

வீரணனின் காது சூடாகியது. கதவருகில் நின்ற பாலம்மாள்தான் பதில் சொன்னாள். "இல்லீங்களே அண்ணாச்சி, கொலசாமி பேரு ஒண்ணுதான் வச்சது."

"அப்படியா" என்று சொல்லிவிட்டு சங்கையா காபி குடித்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கிணற்று மோட்டாரைக்கூட எட்டிப் பார்த்தார். பிடித்திருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொம்பளைகள் பேசிச் சிரித்த சத்தமெல்லாம் வீரணனுக்கு எங்கோ தூரத்தில் கேட்டது. போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவையும் உட்கார்ந்தான். கடைசியில் அவர்கள் கிளம்பி வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

வாசலில் நின்ற மாருதியின் பம்பரில் கொக்கி காலியாக இருந்தது. வரும்போது பழம் கட்டாமலே வந்திருக்கிறார். சங்கையா காரின் கதவைத் திறந்து, சீட்டிலிருந்த மஞ்சள் பையை எடுத்தார். அதற்குள் கையை விட்டு, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கரியும் படிகாரமும் கோத்த சரத்தை வெளியே எடுத்தார். அதை வீரணனிடம் நீட்டினார்.

"கொக்கி போட்டது இருளப்பசாமி. நல்ல வேலைக்காரன். ஸ்டூடியோக்காரன் மொகத்துக்குத்தான் பவுடர் போடுவான், காதுக்குப் போடமாட்டான். அன்னைக்கு டயர்ல உக்காந்து பாத்தபோதே போட்டோவுல இருந்த காது இதுதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு." காலிக் கொக்கியைக் காட்டினார். "ஆனா பழம் கட்ட வெளியாளு ஆகாது. அதான் கட்டாமக் கொண்டாந்தேன். நீங்க கட்டுங்க மாப்பிள்ளை."

வீரணன் சரத்தை வாங்கிக்கொண்டு வண்டி முன்னால் குனிந்தான். எத்தனையோ மில் மோட்டாருக்கு ஒயர் முறுக்கிய கைக்கு அந்தச் சின்ன முடிச்சு மூன்று தடவை போட்டும் நிற்கவில்லை. சங்கையா அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நின்றார்.